அம்மாயியின் வெசனம்

அம்மாயி மல்லாந்து படுத்து நான் பார்த்ததே இல்லை. வாசலைப் பார்த்த மாதிரி ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தலைக்கு அண்டக் கொடுத்துத்தான் படுப்பார். தெருவில் நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எழுந்து, செய்ய ஒரு வேலையும் இல்லாமல், வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். எண்பதை நெருங்கிய வயதில் அவரை எழுப்ப யாரும் இல்லை. அவர் போக வேண்டிய வயலும் இல்லை.

"ஏன் அம்மாயி தூங்கவே மாட்டேங்குற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தூங்குனா கூப்புடுறது கேக்காதுடி."

"யாரு கூப்புடப் போறா இப்ப?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பண்ணை கைமாறி, வீடு இடிந்து, அங்கே கல்யாண மண்டபம் வந்து பல வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அன்று இரவும் அவர் ஒருக்களித்துத்தான் படுத்தார்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்து, கால் புண் ஆறாமல் இழுத்துக்கொண்டு கிடந்த காலத்தில் அம்மாயியை மருத்துவரிடம் அழைத்துப் போவது என் வேலை. "டென்ஷன் ஆகக் கூடாது பாட்டி" என்பார்கள். வெளியே வந்ததும், "அது என்னாடி டென்சன்?" என்பார். "வெசனப்படாம இருக்கணுமாம்" என்று சொன்னேன். "அதத் தாலி கட்டறப்பயே சொல்லியிருக்கணும்" என்றார்.

வெசனம் என்ற சொல்லை நான் விட மாட்டேன். 'மன அழுத்தம்' என்று இன்று எழுதுகிறோம். ஒரே சொல்லை நெருக்கடிக்கும் போடுகிறோம், மனச்சோர்வு நோய்க்கும் போடுகிறோம். படிப்பவர்தான் எது என்று ஊகிக்க வேண்டும். அம்மாயியின் வெசனம் இரண்டிலும் சேராது. அது ஒரு நாளைய கவலையும் இல்லை, மருத்துவர் பெயர் சூட்டும் நோயும் இல்லை. வருஷக்கணக்கில் நெஞ்சில் தங்கி, சோற்றோடு உள்ளே போய், உடம்பின் பழக்கமாகிவிட்ட ஒன்று. இந்தக் கட்டுரையில் நான் தேடுவது அதன் வரலாற்றை. டெல்டாவின் வரலாறு என்றால் கல்லணை, பெரிய கோயில், மேட்டூர், குறுவை, சம்பா என்று எழுதியிருக்கிறார்கள். நாற்று நட்டவளின் தூக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

முதலில் உடம்பு. அச்சம் வரும்போது உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாகிறது என்று வால்டர் கேனன் 1915இல் விளக்கினார். 1936 ஜூலையில் ஹான்ஸ் செல்யே என்ற இளம் ஆய்வாளர், மான்ட்ரியாலில் இருந்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். அவர் தேடிப் போனது பெண் ஹார்மோனை. எலிகளுக்குச் சினைப்பையின் சாற்றை ஊசி போட்டுப் பார்த்தபோது, அவற்றின் அட்ரீனல் சுரப்பி வீங்கியது; நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள தைமஸ் சுருங்கியது; இரைப்பையில் புண் வந்தது. புது ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். பிறகு பார்த்தால், வேறு எந்தச் சாற்றை ஏற்றினாலும், குளிரில் விட்டாலும், ஓயாமல் ஓட விட்டாலும் அதே மூன்றும் வந்தன. எந்தத் துன்பமாக இருந்தாலும் உடம்பு பொதுவாகத் தரும் பதில் ஒன்று இருக்கிறது என்று அவர் கண்டது அப்படித்தான். ஸ்ட்ரெஸ் என்ற சொல் பிற்பாடு அவரால்தான் உலகமெங்கும் பரவியது.

பெண்ணின் சினைப்பையில் தொடங்கிய இந்த அறிவியல் வெகு சீக்கிரம் பெண்ணை மறந்துபோனது. 2000இல் ஷெல்லி டெய்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கணக்குப் பார்த்தார்கள்: 1995க்கு முன் இந்தத் துறையின் ஆய்வுக்கூடச் சோதனைகளில் பங்கெடுத்தவர்களில் பெண்கள் சுமார் 17 சதவீதம்தான். சண்டை அல்லது ஓட்டம் என்பது ஆணுடம்பை வைத்து எழுதியது. பெண்கள் ஆபத்தில் குழந்தையை அணைத்துக்கொள்வதும் மற்ற பெண்களோடு சேர்ந்துகொள்வதும் கூடத்தான் உடம்பின் பதில் என்று அவர்கள் வாதிட்டார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அணைப்பதுதான் பெண்ணின் இயல்பு என்று முடிவுகட்ட நம் ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். ஆனால் இடுப்பில் பிள்ளை இருப்பவள் ஓட முடியாது என்பது மட்டும் உண்மை.

அச்சம் வந்ததும் அட்ரீனலின் பாய்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பின்னாலேயே கார்டிசால் வந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, செரிமானத்தையும் நோய் எதிர்ப்பையும் ஒத்திப்போடச் சொல்கிறது. பாம்பைக் கண்டால் இதுதான் காப்பாற்றும். பாம்பு போனதும் அடங்கிவிடும். போகாத பாம்பாக இருந்தால்தான் சிக்கல். கார்டிசால் விடியலில் ஏறி நள்ளிரவில் இறங்க வேண்டும். தீராத நெருக்கடியில் இருப்பவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் குலைகிறது. தூக்கம் கெடுகிறது. ரத்த அழுத்தம் ஏறிய இடத்திலேயே நிற்கிறது. இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்பதில்லை. வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. நினைவும் மனநிலையும் தடுமாறுகின்றன. புரூஸ் மெக்வென், எலியட் ஸ்டெல்லர் இருவரும் 1993இல் இப்படிச் சேர்ந்துபோகும் தேய்மானத்தை ஒரு சுமையாகவே கணக்கிட்டுப் பெயர் வைத்தார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பு, அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் உடல்நலம் இளமையிலேயே சரியத் தொடங்குவதைப் பார்த்த ஆர்லைன் ஜெரோனிமஸ், அதை 'வெதரிங்' என்றார். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மரம் வெளிறி விரிசல் விடுவதைச் சொல்லும் சொல். அந்தப் பெண்களின் வாழ்க்கை முறையையோ ரத்தத்தையோ அவர் குறை சொல்லவில்லை. அவர்கள் தலைமேல் ஓயாமல் பெய்துகொண்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாயியின் விடியற்காலை ஞாபகம் வந்தது.

தஞ்சைப் பண்ணையாள் முறையில் ஓர் ஆளைப் பண்ணையில் வைத்தால் ஆள் ஒருவர் மட்டும் போவதில்லை. மனைவி மாட்டுத் தொழுவம் கூட்ட வேண்டும், சாணி அள்ள வேண்டும், நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் இறங்க வேண்டும். பிள்ளை மாடு மேய்க்க வேண்டும். கோழி கூவும் முன் வயலில் நிற்க வேண்டும். இருட்டிய பின்தான் வீடு. கூலி நெல்லாக வரும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் அடுத்த தலைமுறையின் கழுத்தில் ஏறும். குடிசை நிற்கும் மனையும் பண்ணைக்குச் சொந்தம். தப்பு என்று மிராசுதாரோ காரியஸ்தரோ நினைத்தால் சவுக்கடி, சாணிப்பால். சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதற்குப் பால் என்று பேர் வைத்தவன் எவனோ, அவனுடைய நகைச்சுவை உணர்வை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வரலாற்றுப் புத்தகங்களில் இந்த இரண்டு தண்டனைகளும் தவறாமல் வரும். நான் சொல்ல வருவது தண்டனை கிடைக்காத நாட்களை. அம்மாயி சவுக்கடி வாங்கியதில்லை. அவர் கல்யாணமாகி வந்தது 1950களின் நடுவில். அதற்குள் சவுக்கு பெரும்பாலும் போய்விட்டது. வாங்கியவர் அவருடைய மாமியார். "எங்க மாமியாளுக்கு ஒரு தடவதான் உளுந்துச்சாம்" என்பார் அம்மாயி. "ஆனா தெனமும் உளுவுமோன்னு இருந்துச்சாம்." விழுந்த ஓர் அடியை உடம்பு சில வாரங்களில் ஆற்றிக்கொள்ளும். விழலாம் என்ற அடியை ஆற்றுவதற்கு வழி இல்லை. ஆய்வுக்கூடங்களிலும், எப்போது வரும் என்று தெரியாத, தடுக்கவும் முடியாத அதிர்ச்சிதான் உயிர்களை மிகவும் சீரழிக்கிறது என்று திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். பண்ணையின் குரல் அப்படிப்பட்டது. அது எந்த நேரத்தில் கூப்பிடும், எதற்குக் கூப்பிடும் என்று தெரியாது. மாமியாரின் காதை மருமகளும் வாங்கிக்கொண்டார். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் காது வெளியேதான் இருக்கும்.

பெண்ணுக்கு இதில் இரட்டை எஜமானம். வயலில் காரியஸ்தர், வீட்டில் கணவர். வயலில் வாங்கிய வசவை ஆண் கள்ளுக்கடையில் இறக்கினான், இல்லையென்றால் மனைவியின் முதுகில் இறக்கினான். ஜோன் மென்ச்சரும் கே. சாரதாமணியும் நெல் வயல் பெண்களை ஆராய்ந்து 1982இல் எழுதிய கட்டுரையை மாணவிகள் தேடிப் படிக்க வேண்டும். தங்கள் கூலியில் ஏறக்குறைய முழுவதையும் குடும்பத்துக்கே போடுகிறவர்கள் பெண்கள். ஆண்கள் ஒரு பங்கைக் கைச்செலவுக்கு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று அவர்களின் ஆய்வுகள் காட்டின. உலையில் அரிசி இருக்கிறதா என்ற கணக்கு அப்படியானால் யார் தலையில் ஓடுகிறது? அம்மாயிக்குத் தாத்தாவின் கூலி எவ்வளவு என்று கடைசிவரை தெரியாது. வீட்டில் எத்தனை படி நெல் இருக்கிறது என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

1943இல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்தார். தென்பரையில் விவசாயிகள் சங்கம் உருவானது. 1940களின் ஒப்பந்தங்களில் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்பது எழுத்தில் ஏறியது. 1952இல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டத்துக்குத் தப்ப நினைத்த நிலக்காரர்கள் பண்ணையாட்களைக் கழற்றிவிட்டு, தினக்கூலிகளாக்கினார்கள். ஆக, கட்டு அவிழ்ந்தது. அவிழ்ந்த கையோடு வேறொரு வெசனம் வந்தது: நாளைக்கு வேலை உண்டா?

இந்த இயக்கத்தில் மணலூர் மணியம்மையின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. பிராமண விதவையாக மூலையில் முடங்கியிருக்க வேண்டியவர், கிராப்பு வெட்டி, வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டு, சைக்கிளில் சேரிகளுக்குப் போய்ச் சங்கம் கட்டினார். 1953இல் மான் முட்டி இறந்தார். ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலில் அவர் வாழ்க்கையைத் தேடிப் போனார். மணியம்மையை அம்மாயி பார்த்ததில்லை, மாமியார் பார்த்திருக்கிறார். "வேட்டி கட்டுன அம்மா வந்தாங்கன்னா எங்க மாமியா அன்னிக்கி நல்லாத் தூங்குமாம்" என்று அம்மாயி சொன்னார். ஓர் இயக்கத்தின் சாதனைகளில் இதையும் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஷெல்லி டெய்லர் சொன்ன 'சேர்ந்துகொள்வது' இதுவாகவும் இருக்கலாம். வீட்டுக்குள் அணைத்துக்கொண்டு உட்காருவதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

1960இல் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்வானது. ஆடுதுறை 27 வந்தது. குறுவை பெருகியது. விளைச்சல் கூடியபோது கூலியும் கூட வேண்டும் என்று கேட்டார்கள். கீழத்தஞ்சையில் நிலக்காரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்தார்கள், வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிச் சண்டை அது. செங்கொடியை இறக்க மறுத்த சண்டையும்கூட. கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் கௌரவமான நிலக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். மைதிலி சிவராமன் வெண்மணிக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதியவர்; தீர்ப்பு வந்தபோது, அதைப் பற்றியும் கோபம் குறையாமல் எழுதினார்.

இதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் கேட்பது அதற்குப் பிந்தைய இரவுகளை. எங்கள் ஊருக்கும் வெண்மணிக்கும் பல மைல் தூரம். ஆனாலும் அந்த மார்கழியிலிருந்து பல மாதங்கள் எங்கள் தெருவில் பெண்கள் முறை வைத்து விழித்திருந்தார்களாம். கதவு கிடையாது, படல்தான். படலை உள்ளே கட்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள். தீ வைத்தால் வெளியே வர வேண்டுமே. அம்மாயி அப்போது கர்ப்பம். அந்தப் பிள்ளை தங்கவில்லை. வெசனத்தால்தான் போனது என்று அம்மாயி சொன்னார். நான் அதற்கு மருத்துவ முத்திரை குத்தப்போவதில்லை. பட்டினியும் இருந்தது, குனிந்த இடுப்போடு நடவும் இருந்தது. ஆனால் அவர் காரணம் என்று எதைச் சொன்னாரோ அதைப் பதிவு செய்வது என் வேலை.

இங்கே ஒரு சின்னக் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். வெண்மணியை வைத்து எழுதப்பட்ட புகழ்பெற்ற நாவல் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதில் நிலக்காரரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறை மனவியல் காரணமாக வரும். அப்போதே இடதுசாரிகள் இதைக் கண்டித்தார்கள்; வர்க்கச் சண்டையைப் படுக்கையறைச் சிக்கலாக்கிவிட்டார் என்றார்கள். என் குறை வேறு. மனவியல் என்ற விளக்கை எடுத்துக்கொண்டு டெல்டாவுக்கு வந்தவர், அதை நிலக்காரரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். குடிசைக்குள் படல் கட்டாமல் விழித்திருந்தவளின் மனத்துக்குள்ளும் அந்த விளக்கு போயிருக்கலாம்.

வெண்மணிக்குப் பின் 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. ஆனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை பெரிய சட்டம் 1971இல் வந்த குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம்தான். பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்த கூலிக்காரர்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டம். தாத்தாவின் பெயரில் பட்டா வந்தது. படலைத் தூக்கிவிட்டுப் பலகைக் கதவு போட்டார்களாம். உள்தாழ்ப்பாள் வைத்த கதவு. "அன்னிக்கி ராத்திரி தாப்பா போட்டுப் போட்டுப் பாத்தேன்" என்று சொல்லும்போது அம்மாயியின் முகம் சின்னப் பெண்ணுடையதாகிவிடும். அதன் பிறகும் ஒருக்களித்துத்தான் படுத்தார் என்பது வேறு விஷயம். முப்பது வயதுக்குள் கற்றதை உடம்பு அவ்வளவு லேசில் விடாது.

வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுதவைத்தார். குடிக்கிற கணவன் அடகு வைக்க முடியாது என்பது அதில் ஒரு காரணம். எனக்கு இது ஒரு நோய்த்தடுப்பு நடவடிக்கையாகவும் தெரிகிறது. எங்கள் ஊருக்கு அது வரவில்லை.

இனி அம்மா. அம்மாவின் காலத்தில் சவுக்கும் இல்லை, பண்ணையும் இல்லை. அவருடைய வெசனம் தண்ணீர். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை உண்டு. குறுவை உண்டென்றால் நாற்றுப் பறிப்பு, நடவு, களை என்று பெண்களுக்குக் கையில் காசு உண்டு. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷங்கள் அணை அந்தத் தேதியில் திறக்கவில்லை. எட்டு ஜூன் மாதங்கள். ஒவ்வொரு ஜூனிலும் அம்மா டிவியில் அணையின் நீர்மட்டம் பார்ப்பார். நிலமில்லாத ஒரு பெண் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அணையின் அடிக்கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பதை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும் என்று தெரியவில்லை. நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பு, உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு, 177.25 டி.எம்.சி. என்றெல்லாம் பேப்பரில் வந்த கணக்கு, எங்கள் வீட்டில் இந்த வருஷம் எத்தனை நாள் வேலை என்ற கணக்காக வந்து இறங்கும்.

2016இல் அணை செப்டம்பர் 20இல் திறந்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. அந்த மார்கழியில் டெல்டாவிலிருந்து வந்த செய்திகளில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வந்தது: 'கருகிய பயிரைப் பார்த்து நெஞ்சடைத்துச் சாவு'. வயலுக்குப் போனவர் வரப்பிலேயே சாய்ந்தார் என்று ஊர் ஊராகச் செய்தி. தேசிய மனித உரிமை ஆணையம் 2017 ஜனவரியில் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜனவரி 10இல் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில், விவசாயிகள் இறந்தது வறட்சியால் அல்ல, சொந்தக் காரணங்களால் என்றது அதே அரசு.

சொந்தக் காரணம் என்ற சொல்லை நான் கொஞ்சம் பிடித்து நிறுத்த விரும்புகிறேன். அம்மாவின் ரத்தக்கொதிப்பு அவருடைய சொந்தக் காரணம். அதை ஏற்றிய எட்டு ஜூன்கள் யாருடைய காரணம்? பல வருஷம் ஏறி நின்ற ரத்த அழுத்தம் தமனிகளைத் தடிக்கவைத்திருக்கும். அதன்மேல் ஒருநாள் வெடித்த வயல் கண்ணில் படும்போது அட்ரீனலின் பாய்ந்தால் இதயம் தாங்காமல் போகலாம். இறப்புச் சான்றிதழில் எழுத 'மாரடைப்பு' என்ற ஒரு சொல் போதும். பின்னணியை எழுத அதில் கட்டம் கிடையாது.

அந்தச் செய்திப் படங்களில் இறந்தவர்கள் ஆண்கள், அழுதவர்கள் பெண்கள். பெண்கள் சாகவில்லையா? செத்தார்கள். ஆனால் பட்டாவில் பெயர் இல்லாதவள் விவசாயி ஆக மாட்டாள். அவள் சாவு விவசாயி சாவும் ஆகாது. பி. சாய்நாத் இதைப் பல வருஷங்களாகச் சொல்லிவருகிறார். கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் பெண் விவசாயிகளின் உரிமைக்காக மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2013இல் அவர் பதவிக்காலம் முடிந்தபோது அது காலாவதியானது. கணவன் போன பின் கடன் மட்டும் மனைவியின் பெயரைச் சரியாகக் கண்டுபிடித்து வந்துவிடுகிறது.

கடன் என்றதும் குழுக்கடனைச் சொல்ல வேண்டும். அறுவடை இயந்திரம் வந்து கதிர் அறுப்பு போனது. நடவு இயந்திரமும் வந்துகொண்டிருக்கிறது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் எங்கள் கூரையையும் பக்கத்து ஊர்களின் தென்னைகளையும் எடுத்துப் போனது. அம்மா மூன்று குழுக்களில் கடன் வாங்கினார். ஒரு குழுவின் தவணையைக் கட்ட இன்னொரு குழு. வசூலுக்குக் காலையிலேயே வந்துவிடுவார்கள். ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவே உட்கார்ந்திருக்க வேண்டும். தவணை நாளுக்கு முந்தைய இரவு அம்மா தூங்க மாட்டார். மோட்டார் பைக் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு வருவார். நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்த ஒருநாள், விடியும் முன் வாசல்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து ஒரு கணம் அம்மாயி என்றே நினைத்துவிட்டேன். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. பைக் இப்போதும் வருகிறது. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்கிறார் அம்மா.

பெண்கள் இதையெல்லாம் மருத்துவரிடம் என்னவென்று சொல்கிறார்கள்? மனசு சரியில்லை என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கை கால் அசதி, கிறுகிறுப்பு, படபடப்பு, நெஞ்சு எரிச்சல், வெள்ளைபடுதல். கோவாவில் விக்ரம் படேல் உள்ளிட்டோர் செய்த ஆய்வுகளில், வெள்ளைபடுதல் என்று வந்த பெண்கள் பலருக்குத் தொற்றைவிட மனத்துயரோடுதான் அந்த முறையீடு அதிகம் தொடர்புபட்டிருந்தது. கேட்பவர்களுக்கு உடம்பின் மொழிதான் தெரியும் என்பதால் பெண்கள் உடம்பின் மொழியில் பேசுகிறார்கள். அதற்கு இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கிறது. அதுவும் தேவைதான், ரத்தசோகையும் இருக்கிறதே.

அம்மாயியின் கால் புண்ணுக்குத் திரும்ப வருகிறேன். நடவுப் பெண்களுக்குச் சேற்றுப்புண் புதிதல்ல. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுக்கொண்டு மறுநாள் இறங்குவார்கள். அம்மாயிக்கு நாற்பது வயதிலிருந்தே புண் ஆறுவதற்கு நாளாகும், சர்க்கரை என்று தெரிவதற்கு வெகுகாலம் முன்பே. 1995இல் அமெரிக்காவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் ஒரு சிறிய ஆய்வு செய்தார். மறதி நோயில் விழுந்த உறவினரைப் பராமரித்துக்கொண்டிருந்த 13 பெண்களின் கையில் சிறு காயம் உண்டாக்கி, அது ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார். அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிட அவர்களுக்குச் சுமார் 9 நாள் அதிகமானது. சின்ன ஆய்வுதான். சேற்றில் நிற்காத, பட்டினி கிடக்காத பெண்கள் அவர்கள். அம்மாயியின் கார்டிசாலை யாரும் அளக்கவில்லை. இனி அளக்கவும் முடியாது. ஆறாத புண்ணைத் தினமும் கழுவிக் கட்டியவள் என்ற முறையில், அந்த 9 நாட்களை நான் என்னால் முடிந்த அளவு நம்புகிறேன்.

அம்மாவுக்கு இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் பெண் பக்கத்துத் தெருக்காரர். அவரும் ஒரு குழுவில் கடன் கட்டுகிறவர்தான்; அளக்கும் கருவியைக் கட்டிக்கொண்டே இருவரும் தவணைத் தேதியைப் பேசிக்கொள்வார்கள். அம்மாவின் அளவு அந்த வாரங்களில் கூடுதலாகக் காட்டுகிறது என்பதை அந்தப் பெண்தான் முதலில் கவனித்துச் சொன்னார்.

அம்மாயி போய் நான்கு வருஷம் ஆகிறது. கடைசி மாதங்களில் தன்னால் திரும்பிப் படுக்க முடியாமல், நாங்கள் படுக்கவைத்தபடி மல்லாந்துதான் கிடந்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. வாசல் தெரியும்படிக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். போட்டோம்.

மனைப் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அதை அம்மா பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழோடு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாமாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், பெரிய மாமா மட்டும், "பொம்பளப் புள்ள பேருக்கு எதுக்கும்மா?" என்று ஒரு மாதம் இழுத்தார். அளவையர் ஒருமுறை வந்து போனார். அடுத்த ஜமாபந்தியில் மறுபடியும் மனு கொடுக்க வேண்டும். அம்மா தேதியைக் காலண்டரில், தவணைத் தேதிகளுக்குப் பக்கத்தில், குறித்து வைத்திருக்கிறார்.